பங்கு மண்டபத்தில் விவிலியக் கண்காட்சி: முதல்முறை பொறுப்பேற்பவர்களுக்கு

உங்கள் பங்கில் இந்த வருடம் விவிலியக் கண்காட்சி வைப்பது என்று பங்குப் பேரவையில் முடிவாகிவிட்டது. பொறுப்பு இளையோர் குழுவுக்கு வந்திருக்கிறது. முள்முடி வேண்டும், உடன்படிக்கைப் பேழை வேண்டும், நோவாவின் பேழை வேண்டும், கல்லறை வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கையில் இருப்பது பள்ளி மண்டபமும் கொஞ்சம் நன்கொடையும்தான். சென்னைப் பங்குகளில் இந்த வேலையைப் பல வருடமாகச் செய்துவருபவன் என்ற முறையில், எதை எந்த வரிசையில் செய்தால் நன்றாக வரும் என்று எழுதுகிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெளிவாக இருக்க வேண்டும். நாம் வைக்கப்போவது மாதிரிகள். அதை மறைக்கவும் வேண்டாம், மாதிரிதானே என்று அரைமனதாகச் செய்யவும் வேண்டாம். சாக்கடல் அருகே கும்ரான் குகையில் 1947இல் கிடைத்த எசாயா நூலின் தோல்சுருள் உலகப் புகழ் பெற்றது. நீளம் 7 மீட்டருக்கும் மேல். எருசலேம் அருங்காட்சியகத்தில் அதற்காகவே கட்டிய மண்டபத்தின் நடுவில் பல பத்தாண்டுகளாக மக்கள் பார்த்துப் போனது அதன் நகலைத்தான். மூலத்தோல் வெளிச்சத்தில் கெட்டுப்போகும் என்பதால் உள்ளே பத்திரமாக வைத்தார்கள். நகல் என்று சொல்லித்தான் வைத்தார்கள், மக்களும் வந்து பார்த்தார்கள். நம் கண்காட்சியும் அந்த நேர்மையோடு இருந்தால் போதும்.

தேதியும் மண்டபமும்

இயேசுவின் பாடுகளின் காட்சிகள் என்றால் தவக்காலம், பிறப்பின் காட்சிகள் என்றால் திருவருகைக் காலம். ஆனால் மார்ச்சில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் நடக்கும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. விளக்கம் சொல்ல நிற்கவேண்டிய பிள்ளைகள் அப்போது கிடைக்க மாட்டார்கள். நவம்பர், டிசம்பர் என்றால் மழையையும் யோசிக்க வேண்டும். மண்டபத்துத் தரையில் தண்ணீர் ஏறுமா என்று அங்கே வேலை செய்யும் அண்ணனிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மூன்று நாள், வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை என்பது பெரும்பாலான பங்குகளுக்குச் சரியான அளவு.

பங்குத்தந்தையின் ஒப்புதல், வெளியே ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் காவல் நிலைய அனுமதி, மின்சார வேலைக்குத் தெரிந்த ஆள், இந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. சாலையில் பேனர் கட்ட வேண்டாம். ஆலய வாசலில் ஒரு பலகை, அன்பியக் (பங்கின் தெருவாரியான சிறு குழு) கூட்டங்களில் அறிவிப்பு, வாட்ஸ்அப், அவ்வளவே போதும்.

எதை வைப்பது

தொடக்கநூல் முதல் திருவெளிப்பாடு வரை எல்லாம் வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. அப்படி வைத்த கண்காட்சிகளில் எதுவுமே மனதில் நிற்காது. ஒரு நடுத்தர மண்டபத்துக்கு ஐந்து அல்லது ஆறு நிறுத்தம் போதும். என்னைக் கேட்டால் இந்த வரிசை: சந்திப்புக் கூடாரம் (பாலைநிலத்தில் இஸ்ரயேலரின் வழிபாட்டுக் கூடாரம்), உடன்படிக்கைப் பேழை, கானாவூர்த் திருமணம், பெத்தானியாவில் நறுமணத் தைலம், பாடுகள், கடைசியில் தோமா. முதல் இரண்டும் பழைய ஏற்பாட்டை அளவோடு காட்டும். நடுவில் உள்ள இரண்டும் தொட்டு, முகர்ந்து பார்ப்பவை. கடைசி நிறுத்தம் நம் ஊரோடு கொண்டுவந்து சேர்க்கும்.

குழு முழுவதும் ஒருநாள் ஒன்றாகக் கிளம்பி மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். சாந்தோம் பேராலயத்தில் திருத்தூதர் தோமாவின் கல்லறையும் அருங்காட்சியகமும் உள்ளன. பரங்கிமலை உச்சியில் 1547இல் போர்த்துகீசியர் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவை இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரோமானிய நாணயங்கள் உண்டு. பொருள் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது, விளக்கப் பலகையில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கவனித்துப் பார்த்தால், பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அளவு

மாதிரி செய்வதில் பலர் சறுக்கும் இடம் இதுதான். விவிலியம் அளவைக் கொடுத்திருக்கும்போது கண்ணளவில் செய்யக் கூடாது. ஒரு முழத்துக்கு 45 செ.மீ. என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடன்படிக்கைப் பேழை இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம் என்று விடுதலைப் பயண நூலின் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. அதாவது சுமார் 112 செ.மீ. நீளம், 67 செ.மீ. அகலமும் உயரமும். இதை முழு அளவில் செய்வதே நல்லது, செய்யவும் முடியும். 8க்கு 4 அடி ப்ளைவுட் பலகை இரண்டு வாங்கினால் ஆறு பக்கமும் வெட்டிவிடலாம். 6 எம்.எம். கனம் போதும், உள்ளே ரீப்பர் சட்டம் அடித்துக்கொண்டால் இரண்டு பேர் சுலபமாகத் தூக்கலாம். மூடிமேல் இரண்டு கெருபுகள் (இறக்கையுள்ள வானவர்) ஒன்றையொன்று நோக்கி, முகம் இரக்கத்தின் இருக்கை எனப்படும் அந்த மூடியைப் பார்த்தபடி, இறக்கை விரித்து நிற்க வேண்டும். படங்களைப் பார்த்துச் செய்யும்போது முகத்தை வாசல் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். வசனத்தைப் படித்துவிட்டு ஒட்டுங்கள். தூக்கும் தண்டுகள் வளையங்களிலேயே இருக்க வேண்டும், கழற்றக் கூடாது என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. பிவிசி குழாய்க்குத் தங்க நிறம் அடித்துக் கொடுத்தால் தண்டு தயார். தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கும் சேர்த்து இடம் விடுங்கள்.

சந்திப்புக் கூடாரத்தின் முற்றம் நூறு முழம், ஐம்பது முழம். நம் கணக்கில் 45 மீட்டர், 22.5 மீட்டர். முழு அளவுக்கு மைதானம் வேண்டும். பத்தில் ஒரு பங்காகச் செய்தால் 4.5 மீட்டருக்கு 2.25 மீட்டர்; அந்த அளவுக்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டால் முடிந்தது. சுற்றுத் திரை 22.5 செ.மீ. உயரம் வரும். உள்ளே வைக்கும் மனித பொம்மைகள் 16, 17 செ.மீ. தாண்டக் கூடாது. கடையில் கிடைக்கிறதே என்று குடிலுக்கு வாங்கிய பெரிய சொரூபங்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் கூடாரம் பொம்மை வீடாகிவிடும். முற்றத்துக்கு அறுபது தூண்: நீளப் பக்கங்களில் இருபது இருபது, குறுகிய பக்கங்களில் பத்துப் பத்து. மறைக்கல்விப் பிள்ளைகளிடம் இந்தத் தூண்களைக் கொடுத்துவிடுங்கள். ஐஸ்கிரீம் குச்சியும் பசையும் இருந்தால் போதும், எண்ணி எண்ணிச் செய்துவிடுவார்கள். வாசல் கிழக்கே பார்க்கட்டும். கூடாரத்தின் ஒரு பக்கத் திரையைத் திறந்தே விடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கத்தானே வருகிறார்கள்.

உள்ளே வரும் ஏழு கிளை விளக்குத்தண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பல இடங்களில் அதில் மெழுகுவர்த்தி செருகி வைக்கிறார்கள். விடுதலைப் பயணம் 27 சொல்வது பிழிந்த தூய ஒலிவ எண்ணெய். ஒவ்வொரு கிளை நுனியிலும் சின்ன அகல் போன்ற கிண்ணம் வைத்து, எண்ணெய்க்குப் பதிலாக மஞ்சள் எல்.இ.டி. வையுங்கள். பார்ப்பதற்கும் அழகு, ஆபத்தும் இல்லை.

தொட்டுப் பார்க்க, முகர்ந்து பார்க்க

கண்காட்சி என்றால் கயிறு கட்டி, "தொடாதீர்கள்" என்று எழுதிவைப்பது நம் வழக்கம். ஒரு மேசையாவது அப்படி இல்லாமல் இருக்கட்டும். அந்த மேசையைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும்.

கானாவூர்த் திருமணத்துக்கு ஆறு கல்தொட்டிகள் வேண்டும். யோவான் 2 கொடுக்கும் அளவின்படி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் பிடிக்கும். மேசையில் அழகாக ஆறு சொம்பு வைத்தால் அந்த அதிசயத்தின் அளவு யாருக்கும் புரியாது. கொசப்பேட்டையில் பெரிய மண்பானைகள் வாங்கி, கல் நிறம் அடித்து, பக்கத்தில் ஏழு பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வையுங்கள்: "ஒரு தொட்டிக்கு இவ்வளவு தண்ணீர்." லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த ஊர் இது. ஆறு தொட்டியையும் விளிம்புவரை நிரப்பிய பணியாளர்கள் பட்ட பாட்டை நம் பெண்கள் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து பெத்தானியா. எனக்கு மிகவும் பிடித்த நிறுத்தம் இது. லாசரின் சகோதரி மரியா இயேசுவின் காலடிகளில் பூசியது நார்து என்னும் நறுமணத் தைலம். அது இமயமலையில் விளையும் சடாமாஞ்சில் செடியின் வேரிலிருந்து எடுத்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. சடாமாஞ்சில் நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. மயிலாப்பூரிலோ பாரிமுனையிலோ போய்க் கேளுங்கள். மயிர் மயிராக, பழுப்பு நிறத்தில், வால் போன்ற வேர்த்துண்டுகளைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அதைக் கையில் வைத்துக் கசக்கினால் மண்வாசனை கலந்த கனத்த மணம் வரும், கையை விட்டுச் சீக்கிரம் போகாது. "வீடு முழுவதும் தைலத்தின் நறுமணம் நிறைந்தது" என்ற வரியைப் பலகையில் எழுதி, கீழே ஒரு கிண்ணத்தில் இதை வையுங்கள். இந்த மண்ணிலிருந்து ஒட்டகத்திலும் கப்பலிலும் போன பொருள் அந்த வீட்டில் மணத்தது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

அதே கடையில் வெள்ளைப்போளமும் சாம்பிராணியும் வாங்கிவிடுங்கள். குழந்தை இயேசுவுக்கு ஞானிகள் கொண்டுவந்த மூன்றில் இரண்டு அவை. வெள்ளைப்போளம் மறுபடியும் இயேசுவின் அடக்கத்தின்போது வருகிறது. நிக்கதேம் கொண்டுவந்த கலவை நூறு இராத்தல் அளவு, இன்றைய கணக்கில் 30 கிலோவுக்கு மேல். ஒரு சாக்கில் அதே எடைக்கு மணல் நிரப்பி வைத்தால் தூக்கிப் பார்ப்பார்கள்.

தைலத்தின் விலை முந்நூறு தெனாரியம் என்று யூதாசு சொல்கிறான். தெனாரியம் ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலி. அந்த வெள்ளிக்காசின் மாதிரியைப் பக்கத்தில் வையுங்கள். விட்டம் 2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. திபேரியு பேரரசரின் தெனாரியங்கள் கொங்குப் பகுதியில் மண்ணுக்கடியிலிருந்து குவியலாகவே கிடைத்திருக்கின்றன. மிளகுக்கும் மணிக்கற்களுக்கும் விலையாக வந்த காசு. "சீசருக்கு உரியதைச் சீசருக்கு" என்று இயேசு பேசியபோது காட்டிய காசும் அந்தப் பேரரசரின் காசாகவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். எழும்பூருக்குப் போய்வரச் சொன்னது இதற்காகவும்தான்.

பாடுகளின் பகுதி

இங்கே மிகுந்த கவனம் வேண்டும். மக்கள் கண்கலங்கி நிற்கும் இடம். சிவப்பு பெயிண்டை வாரி ஊற்றிப் பயமுறுத்தத் தேவையில்லை.

முள்முடிக்குச் சென்னையில் எல்லோரும் எடுப்பது சீமைக் கருவேலம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெகு பிற்காலத்தில் இங்கே வந்த மரம். இயேசுவின் முள்முடிக்குப் பயன்பட்டதாக மரபு சொல்லும் மரங்களில் ஒன்று நம் இலந்தையின் இனத்தைச் சேர்ந்தது. இலந்தைக் கிளை கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் சீமைக் கருவேலம் போதும், பலகையில் அதைச் சொல்லிவிடுங்கள். எதுவானாலும் பச்சையாக வெட்டிய அன்றே வளைத்துக் கம்பியால் கட்டிவிட வேண்டும். மறுநாள் வளைத்தால் முறியும். கைக்குத் தடித்த உறை கட்டாயம். கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள், குழந்தைகள் கை நீட்டுவார்கள்.

பாரிசில் முள்முடியாக வணங்கப்படுவதில் இன்று முள்ளே கிடையாது. நாணல்களைச் சேர்த்துக் கட்டிய வளையம் அது. பிரான்சு அரசர் ஒன்பதாம் லூயி அதை 1239இல் பெற்றார். 2019இல் நோத்ருதாம் பேராலயம் எரிந்தபோது மீட்கப்பட்டதும் அதுதான். அதன் படம் ஒன்றை மாதிரிக்குப் பக்கத்தில் வைத்தால் நிறையக் கேள்விகள் வரும். வரட்டும், நல்லதுதான்.

ஆணிக்கு ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போங்கள். கடை ஆணி உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். 1968இல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறையில், சிலுவையில் அறையப்பட்ட ஒருவரின் குதிங்கால் எலும்பு ஆணியோடு கிடைத்தது. ஆணியின் நீளம் சுமார் 11.5 செ.மீ. அந்த நீளத்தில், சதுரத் தண்டாக, அடித்த தழும்போடு மூன்று ஆணி கேட்டால் பட்டறையில் அடித்துக் கொடுப்பார்கள். முனையை மழுக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையில் வாங்கிப் பார்க்கும்போது அதன் கனம் பேசும். விளக்குபவர் அந்த நேரத்தில் பேசாமல் இருக்கட்டும்.

இயேசுவின் உடலைச் சுற்றியதாகப் பலர் நம்பும் தூரின் நகரச் சவப்போர்வையின் நகலை முழு நீளத்தில் துணியில் அச்சடித்துத் தொங்கவிடலாம். ஏறத்தாழ 4.4 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம். இதற்கு எழுதும் பலகையில்தான் உங்கள் நேர்மை தெரியும். 1898இல் செக்கொந்தோ பியா எடுத்த புகைப்படத்தின் நெகட்டிவில் முகம் தெளிவாகத் தெரிந்ததையும் எழுதுங்கள். 1988இல் நடந்த கார்பன் சோதனை துணியை 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்று சொன்னதையும், அதன்மேல் விவாதம் தொடர்வதையும் எழுதுங்கள். திருச்சபை அதை வணங்க ஊக்குவிக்கிறது, உண்மைத்தன்மை பற்றித் தீர்ப்பு சொல்லவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால், கைப்பேசியில் தேடிப் பார்க்கும் கல்லூரிப் பிள்ளை மற்ற பலகைகளையும் சந்தேகப்படுவான்.

தோமாவின் நிறுத்தம்

சென்னையில் வைக்கும் விவிலியக் கண்காட்சியில் இது இல்லாமல் இருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். பரங்கிமலைச் சிலுவையின் மாதிரியைத் தெர்மோகோலில் செதுக்கி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசிச் செய்யலாம். சுற்றிலும் பகலவி (பழைய பாரசீக) எழுத்துகள் இருப்பதை விட்டுவிடாதீர்கள். நல்ல புகைப்படத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பொறியுங்கள். தோமா தங்கியதாக மரபு சொல்லும் சின்னமலைக் குகைக்குச் சாக்குத்துணியைச் சிமென்ட் பாலில் தோய்த்து, கம்பிவலைமேல் போட்டுக் காயவிட்டால் பாறை வந்துவிடும். நடுவில் யோவான் 20: "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்."

பலகை எழுதுவது

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று செய்திகள். விவிலியம் சொல்வது, அதிகார எண்ணோடு. மூலப்பொருள் எங்கே இருக்கிறது, எப்போது கிடைத்தது; இல்லாவிட்டால் இல்லை என்று. கடைசியாக, இது மாதிரி, இன்ன பொருளில் இன்ன அன்பியத்தார் செய்தது. அகழாய்வில் கிடைத்தது வேறு, மரபாக நம்புவது வேறு. இரண்டையும் ஒரே தொனியில் எழுதாதீர்கள். பக்கத்து சி.எஸ்.ஐ. ஆலயத்தாரும் வருவார்கள், ஆகவே விடுதலைப் பயணம் என்பதன் கீழ் யாத்திராகமம் என்றும் சேர்த்துப் போடுங்கள். எழுத்து பெரிதாக, தாத்தா பாட்டிகள் கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி. அச்சுக்குத் தடித்த அட்டை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும்.

உங்கள் பங்கில் புனிதர் ஒருவரின் உண்மையான திருப்பண்டம் (அவர் உடலின் பகுதியோ அவர் பயன்படுத்திய பொருளோ) இருந்தால் அதை இந்த மண்டபத்துக்குக் கொண்டுவராதீர்கள். அதன் இடம் ஆலயம். எப்போது, எப்படி வணக்கத்துக்கு வைப்பது என்று பங்குத்தந்தை சொல்வார். இணையத்தில் சான்றிதழோடு திருப்பண்டம் விற்கிறார்கள் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். திருப்பண்டங்களை விற்பதைத் திருச்சபைச் சட்டம் 1190 தடை செய்கிறது.

வழியும் விளக்குபவர்களும்

ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேற வேண்டும். சக்கர நாற்காலி போகும் அகலம் இருக்கட்டும். மண்டபத்து மின்விசிறி வைக்கோலையும் திரையையும் பறக்கவிடும், ஆகவே எல்லாவற்றையும் விசிறியை ஓடவிட்டுச் சோதித்துப் பாருங்கள். வைக்கோல், கிரேப் பேப்பர், துணி இருக்கும் இடத்தில் எரியும் திரி எதுவும் வேண்டாம். தீயணைப்பான் இரண்டு, அதை இயக்கத் தெரிந்த இரண்டு பேர். செருப்பு விடுகிற இடம், குடிதண்ணீர், பெரியவர்கள் உட்கார நாற்காலி.

விளக்குபவர் ஒருவருக்கு ஒரு நிறுத்தம் மட்டும் கொடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளையைவிட, "தூக்கிப் பாருங்க ஆன்ட்டி" என்று சாக்கைக் காட்டும் பிள்ளை நன்றாக விளக்கும். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் பங்குத்தந்தையையோ மறைக்கல்வி ஆசிரியரையோ காட்டிவிடட்டும்.

அக்கம்பக்கத்து இந்து, இஸ்லாமியக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வருவார்கள். வாருங்கள் என்று அன்போடு அழைத்து, எல்லோருக்கும் சொல்வதையே அவர்களுக்கும் சொல்லுங்கள். பெயர், கைப்பேசி எண் கேட்டுப் படிவம் நீட்டுவது, நின்று செபிக்கச் சொல்வது இரண்டும் கூடாது. வெளியேறும் வழிக்குப் பக்கத்தில், வழியை மறிக்காமல், திரைக்குப் பின்னே செப மூலை இருக்கட்டும். விரும்புகிறவர்கள் தாமாகவே போவார்கள்.

முடிந்த பிறகு

ஞாயிறு இரவே பிரித்துவிட வேண்டும், திங்கள் காலை பள்ளி. வைக்கோலைச் சேமிக்காதீர்கள், எலியும் கரையானும் வரும். அச்சடித்த போர்வைத் துணியை மடிக்காமல் பிவிசி குழாயில் சுற்றி வையுங்கள். மடித்தால் கோடு விழுந்து முகம் கெடும். பேழையைத் திருகாணியில் இணைத்திருந்தால் தட்டையாகக் கழற்றி, தரையிலிருந்து உயரத்தில் அடுக்கலாம். சாந்தோம், பெசன்ட் நகர் போலக் கடலோரப் பங்கு என்றால் இரும்பு ஆணிகளுக்கு எண்ணெய் தடவுங்கள். அடுத்த வாரமே வேறு பங்கிலிருந்து இரவல் கேட்டு வருவார்கள். தாராளமாகக் கொடுங்கள், யார் என்ன வாங்கினார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு. ஒவ்வொரு பொருளோடும் அதன் பலகையையும் சேர்த்துக் கட்டியே அனுப்புங்கள்.